சின்ன டவுனில் காவல் நிறுவனம்: விலையைக் குறைக்காமல் பெரிய கம்பெனிகளோடு எப்படிப் போட்டி போடுவது?

சிப்புட்காவல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இயங்கும் ஒரு காவல் நிறுவனத்தைப் பற்றிய கேள்வி இது. விளம்பரம் பற்றி அல்ல, வேலையை நடத்தும் முறை பற்றி.

நிலவரம்: 38 காவலர்கள், எல்லாரும் உள்நாட்டவர். 24 மணி நேரமும் ஆள் நிற்க வேண்டிய இடங்கள் 15. செம்பனை ஆலையில் 4, இரண்டு தொழிற்சாலைகளில் 6, நான்கு தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) தலைக்கு ஒன்று, பலகைக் கிடங்கில் 1. காலை 7 முதல் இரவு 7 வரை ஒரு ஷிப்ட், இரவு 7 முதல் காலை 7 வரை இன்னொன்று. மோட்டார் சைக்கிளில் சுற்றும் சூப்பர்வைசர்கள் இருவர்.

ஓர் இடத்துக்கு மாதம் 9,400 வெள்ளி (ரிங்கிட்) என்பது நம் விலை, சேவை வரி தனி. வெளியூர்க் கம்பெனி ஒன்று 7,200க்குத் தாமான்களில் விலை கொடுத்திருக்கிறது. ஆலை ஒப்பந்தம் மூன்று மாதத்தில் முடிகிறது. வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓர் இடம் ஆளில்லாமல் கிடக்கிறது என்பது ஆலை மானேஜரின் குறை. அது உண்மைதான்.

எங்கே குறைக்கலாம்? எட்டு மணி நேர ஷிப்ட்டுக்கு மாறினால் மிச்சமாகுமா? நேப்பாளிகளை எடுக்கலாமா? ஆளுக்குப் பதில் கேமரா வைத்தால் சரிவருமா?

---

சம்பளக்கணக்கு எழுதியது:

முதலில் அந்த 7,200ஐப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். பிரித்த பிறகு விலையைக் குறைக்கும் யோசனையே வராது.

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை. ஆறு நாள் வேலை என்றால் நாளுக்கு ஏழரை மணி. 1,700ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 65.38. அதை ஏழரையால் வகுத்தால் மணிக்கு 8.72. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது 13.08. 12 மணி ஷிப்ட்டில் அரை மணி உண்மையான ஓய்வு கொடுத்தால் ஏழரை மணி சாதாரண வேலை, நான்கு மணி ஓவர்டைம். 26 நாளுக்கு 104 மணி. சட்டம் ஒரு மாதத்துக்கு அனுமதிக்கும் ஓவர்டைம் உச்சவரம்பும் அதே 104தான். நூல் பிடித்தாற்போல் நிற்கிறது. அந்த அரை மணி ஓய்வைக் கொடுக்காமல் விட்டால் 117 மணி ஆகிவிடும், சட்டத்தை மீறியதாகிவிடும். தனியாக நிற்கும் ஜாகா (காவலர்) கூண்டுக்குள்ளேயே சோறு தின்றால் அது ஓய்வு ஆகாது. சூப்பர்வைசரோ வேறு ஆளோ வந்து நிற்க வேண்டும்.

ஆக ஒருவருக்கு மாதம் 1,700 + 1,360 = 3,060. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி. ஓவர்டைமுக்கு இபிஎஃப் கிடையாது. சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) ஓவர்டைமும் கணக்கில் சேரும், வேலை இழப்புக் காப்புறுதியோடு சேர்த்து ஏறத்தாழ 60. மொத்தம் 3,341, ஒரு ஷிப்ட்டுக்கு 128.50.

ஓர் இடத்துக்கு ஆண்டுக்கு 730 ஷிப்ட். மாதத்துக்குப் பிரித்தால் 7,817 வெள்ளி. இதோடு சம்பளத்தோடு கொடுக்க வேண்டிய விடுப்பு இருக்கிறது: பொது விடுமுறை 11, ஆண்டு விடுப்பு 8, மருத்துவ விடுப்புக்குச் சராசரியாக 4 என்று வையுங்கள், 23 நாள். மாதம் 26 வீதம் ஆண்டுக்கு 312 நாள், ஓர் ஆள் உண்மையில் நிற்பது 312 கழித்தல் 23, 289 ஷிப்ட். 730ஐ 289ஆல் வகுத்தால் 2.53 ஆள். அந்த விடுப்புச் செலவு மாதம் 365. கூட்டினால் 8,182 வெள்ளி, மணிக்கு 11.21. பொது விடுமுறையில் வேலை செய்பவருக்கு வேறொரு நாள் விடுப்பு மாற்றிக் கொடுப்பதாக வைத்துப் போட்ட கணக்கு இது. மாற்றாமல் வேலை வாங்கினால் இன்னும் ஏறும்.

7,200 வெள்ளி மணிக்கு 9.86. சீருடை, பயிற்சி, சூப்பர்வைசர், அலுவலகம், இலாபம் எதுவும் சேராமலேயே ஓர் இடத்துக்கு 982 வெள்ளி துண்டு விழுகிறது. அது காவலர் பையில் இருந்துதான் வர வேண்டும். ஓவர்டைமை ஒற்றை மடங்காகக் கொடுப்பார்கள், அல்லது "நாளுக்கு இவ்வளவு" என்று மொத்தமாகப் பேசிவிடுவார்கள். ஓய்வு நாளே இல்லாமல் மாதம் முப்பது நாளும் ஒரே ஆளை நிறுத்துவார்கள். இபிஎஃப் கட்ட மாட்டார்கள். இல்லையென்றால் பகலில் ஒரு தொழிற்சாலையில் நின்றவரே இரவில் இன்னோர் இடத்தில் வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்பார்.

உங்கள் 9,400க்கு வருவோம். 8,182 போக 1,218 நிற்கிறது. 15 இடத்துக்கு 18,270. சூப்பர்வைசர் இருவருக்கு 7,000, பெட்ரோல், போன், சீருடை, காப்புறுதி 4,000, அலுவலகமும் கிராணியும் (எழுத்தர்) 4,000 என்று போட்டால் மிச்சம் 3,270. வருமானத்தில் இரண்டு விழுக்காடு சொச்சம். குறைக்க இங்கே ஒன்றுமில்லை.

விலைப் பட்டியலில் இந்தப் பிரிவை வரி வரியாகப் போட்டே கொடுங்கள். ஒவ்வொரு மாத பில்லோடும் இபிஎஃப் கட்டிய ரசீதையும் சம்பளச் சீட்டு நகலையும் இணைப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தணிக்கை வரும் தொழிற்சாலைக்கு இது பெரிய விஷயம், ஏற்றுமதி வாடிக்கையாளர்கள் ஒப்பந்தத் தொழிலாளர் சம்பளத்தைக் கேட்கத் தொடங்கி நாளாயிற்று. தாமான் குடியிருப்பாளர் சங்கத்துக்கு இது எடுபடாது. அங்கே கேள்வியே வேறு.

---

ரோஸ்டர்காரர் எழுதியது:

மேலே உள்ள கணக்கில் ஒரு வரியை மறுபடி பாருங்கள். 15 இடம், தலைக்கு 2.53 ஆள். பெருக்கினால் 37.95. உங்களிடம் 38 பேர். எல்லாரும் ஒழுங்காக வந்தால் மட்டும் சரியாகப் பொருந்தும் கணக்கு அது. ஒருவர் வேலையை விட்டால், ஒருவருக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தால், அன்றைக்கே ஓட்டை. ஆலையில் வாரம் ஓர் இடம் காலியாக இருப்பது காவலர்களின் சோம்பேறித்தனத்தால் அல்ல.

காவல் தொழிலில் உரிமம், சீருடை, போலீஸ் சரிபார்ப்பு, உள்துறை அமைச்சு அங்கீகரித்த காவலர் பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் வாசலுக்குள் நுழைய வேண்டிய தகுதிகள். எல்லாரிடமும் இருக்கும். 2013இல் சுபாங் ஜெயாவில் போலி அடையாள அட்டையோடு வேலைக்குச் சேர்ந்த காவலர் வங்கி அதிகாரியைச் சுட்டுக் கொன்ற பிறகு அந்தத் தகுதிகளைக் கேட்பது இன்னும் இறுகிவிட்டது, இறுகத்தான் வேண்டும். ஆனால் அதை வைத்து யாரும் உங்களைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். காலை 7 மணிக்கு ஆள் நிற்கிறாரா, நிற்கவில்லையென்றால் எத்தனை நிமிடத்தில் வேறு ஆள் வருகிறார், இதுதான் ஒப்பந்தத்தைப் பிடித்து வைக்கும்.

இங்கே உங்களுக்கு ஒரு பலம் இருக்கிறது. வெளியூர்க் கம்பெனிக்கு மாற்று ஆள் ஈப்போவில் இருந்து வர வேண்டும். ஆளை எழுப்பி, சட்டை மாட்டி, வண்டி ஏற்றி லிந்தாங் பக்கம் கொண்டுவந்து இறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் இடங்கள் எல்லாம் டவுனைச் சுற்றி இருந்தால் மோட்டாரில் பதினைந்து இருபது நிமிடம். அதனால் ஜாலோங் பக்கம் ஒன்று, கோலகங்சாரில் ஒன்று, தஞ்சோங் ரம்புத்தானில் ஒன்று என்று ஒப்பந்தம் சிதறிக் கிடக்க விடாதீர்கள். தூரத்தில் ஒரே ஓர் இடம் கிடைக்கிறதென்றால் நல்ல விலை வந்தாலும் வேண்டாம். அந்தப் பக்கம் மூன்று இடம் சேரட்டும், அப்போது போகலாம்.

அடுத்து மாற்று ஆட்கள். குறைந்தது மூன்று பேர் எந்த இடத்துக்கும் கட்டப்படாமல் இருக்க வேண்டும். சும்மா இருக்கும் ஆளுக்கு மாதம் 1,950 வெள்ளி போல ஆகும், மூவருக்கு 5,850. உங்கள் இலாபத்தை விட அதிகம், பயமாகத்தான் இருக்கும். ஆனால் மூவரும் சேர்ந்து மாதம் 78 ஷிப்ட் தருவார்கள். பாதிக்குச் சற்று மேல், விடுப்பும் வராதவர்களும் விட்ட இடத்தை நிரப்பும். சம்பளமில்லாமல் வராதவரின் அன்றைய சம்பளம் மிச்சமாவதால் அதில் தனிச் செலவு பெரிதாக இல்லை. மீதி 38 ஷிப்ட்டை அவ்வப்போது வரும் வேலைக்கு விற்கலாம். கோயில் திருவிழா, கல்யாண மண்டபம், டுரியான் பருவத்தில் தோப்புக் காவல், நின்றுபோன கட்டட வேலையில் இரும்புக் காவல். அவசர வேலைக்கு மணிக்கு 16 வெள்ளி கேட்டாலும் கொடுப்பார்கள், 38 ஷிப்ட்டுக்கு 7,300 வெள்ளி வரும். அதில் அன்றைய ஓவர்டைம் 52 வெள்ளி தலைக்குப் போனாலும் மூவரின் செலவில் பெரும்பகுதியைத் தூக்கிவிடும்.

மாற்று ஆள் என்றால் வயதானவரை, யாரும் வேண்டாம் என்று தள்ளியவரைப் போடும் பழக்கம் இருக்கிறது. தலைகீழாகச் செய்யுங்கள். உங்களிடம் உள்ள கெட்டிக்காரர் மூவரை எடுத்து, மாதம் 150 வெள்ளி கூடக் கொடுத்து, ஒவ்வோர் இடத்திலும் பகல் ஒன்று இரவு ஒன்று என இரண்டு ஷிப்ட் பழக்கிவிடுங்கள். ஒவ்வொரு கூண்டிலும் ஒரே பக்கத்தில் கடமைத் தாள் இருக்கட்டும்: எந்தச் சாவி எங்கே, எந்தக் கதவு எத்தனை மணிக்கு, யாரை முதலில் அழைப்பது. மலாயிலும் தமிழிலும்.

ஷிப்ட் மாற்றும் முறை இப்படி. புது ஆள் 6.45க்குக் கூண்டில் இருந்து படம் அனுப்ப வேண்டும். 6.50க்குப் படம் வராத இடங்களுக்குச் சூப்பர்வைசர் போன் போடுவார். 6.55க்குப் பதில் இல்லையென்றால் இன்னும் காத்திருக்கக் கூடாது, மாற்று ஆள் கிளம்பியாக வேண்டும். பழைய ஆள் 7.25 வரை நிற்பார், அந்த 25 நிமிடத்துக்குக் காசு கொடுத்துவிடுங்கள். பெரும்பாலான இடத்தில் என்ன நடக்கிறதென்றால், "இதோ வந்துவிடுவான்" என்று எட்டு மணி வரை இழுத்து, கடைசியில் இரவு நின்றவரையே பகலும் நிற்க வைக்கிறார்கள். ஒருவரை நாளுக்கு 12 மணிக்கு மேல் வேலை வாங்கச் சட்டம் இடம் தராது. அது போக, அந்த ஆள் பத்து மணிக்குத் தூங்கிவிடுவார், மறுநாள் அவரும் வர மாட்டார். ஓர் ஓட்டை இரண்டு ஓட்டை ஆகிவிடும்.

இது ஒழுங்காக ஓடினால் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்: 30 நிமிடத்தில் இடம் நிரம்பவில்லையென்றால் அந்த ஷிப்ட்டுக்குக் காசு இல்லை. வெளியூர்க் கம்பெனியால் இந்த வரியில் கையெழுத்துப் போட முடியாது.

தீபாவளி, ஹரி ராயா, சீனப் புத்தாண்டு அட்டவணையை இரண்டு மாதம் முன்னமே சுவரில் ஒட்டுங்கள். தமிழர்கள் ராயாவுக்கு நிற்பது, மலாய்க்காரர்கள் தீபாவளிக்கு நிற்பது என்று ஆட்களே பேசி மாற்றிக்கொள்வார்கள். முந்தின வாரம் ஒட்டினால் யாரும் வர மாட்டார்கள்.

---

ஆலைவாசல் எழுதியது:

ஆலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். செம்பனை ஆலை மானேஜர் ஆள் நிற்பதை வாங்கவில்லை, எடை குறையாமல் இருப்பதை வாங்குகிறார். உங்கள் காவலர் அதைச் செய்து காட்டினால் 9,400 அவருக்குப் பெரிய காசு இல்லை.

செம்பனைக் குலை லோரி வரும்போது முதலில் முழு எடை, கொட்டிவிட்டுப் போகும்போது வெறும் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் காசு. உள்ளே வரும்போது டிரைவரும் உதவியாளும் லோரியில் உட்கார்ந்திருப்பார்கள், வெளியே போகும்போது இருவரும் இறங்கி நிற்பார்கள். 130, 140 கிலோ அப்படியே குலைக் கணக்கில் ஏறிவிடும். அதே போல வரும்போது தண்ணீர்த் தொட்டி நிறைய, போகும்போது காலி. ஒரு நாளுக்கு இருபது லோரி என்றால் பாருங்கள். நிறுவைத் தளத்தில் நிற்கும் காவலருக்கு ஒரே விதிதான் வேண்டும்: இரண்டு நிறுவையிலும் லோரியில் ஆள் இருக்கக் கூடாது. இரண்டு தடவையும் இறங்கியாக வேண்டும், மழையானாலும். நிறுத்தும்போது எல்லாச் சக்கரமும் தளத்தின் மேல் இருக்கிறதா என்று நடந்து போய்ப் பார்க்க வேண்டும், கூண்டில் இருந்து எட்டிப் பார்ப்பது போதாது. ராம்ப்பில் (குலை கொட்டும் மேடையில்) கொட்டிய பிறகு லோரித் தொட்டியின் மூலையில் குலை ஒட்டிக்கொண்டு திரும்பிப் போகிறதா என்பதையும் ஏறிப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் டேங்கர் வெளியே போகும்போது மேல் மூடியிலும் கீழ் வால்விலும் சீல் இருக்கும், எண்கள் அனுப்பும் சீட்டில் அச்சாகி இருக்கும். இங்கேதான் எல்லா இடத்திலும் கோட்டை விடுகிறார்கள். காவலர் சீட்டைப் பார்த்து எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத் தடுப்பைத் தூக்கிவிடுவார். சீலைப் பார்ப்பதே இல்லை. இதைத் தடுக்க வாசலுக்கு வரும் நகலில் சீல் எண் பகுதியை வெறுமையாக விடச் சொல்லுங்கள். காவலர் ஏணியில் ஏறி, சீலை ஒருமுறை இழுத்துப் பார்த்து, எண்ணைத் தானே படித்து எழுத வேண்டும். கிராணி பிறகு இரண்டையும் ஒப்பிடுவார். எண் தெரியாதவருக்குப் பார்க்காமல் எழுத வழியே இல்லை. ஏணிக்குப் பக்கப்பிடியும் பாதுகாப்பு வாரும் ஆலைதான் தர வேண்டும், அதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டீசல் தொட்டியை 7 மணிக்கு ஷிப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து அளவுகோல் விட்டுப் பார்த்து இருவரும் கையெழுத்துப் போடட்டும். ஒருவர் மட்டும் அளந்தால் அந்த அளவுக்கு மதிப்பில்லை.

நிறுவைத் தளத்துக் காவலரை ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் வைக்காதீர்கள். கிராணியும் டிரைவரும் காவலரும் ஒன்றாகத் தேநீர் குடிக்கத் தொடங்கினால் எடையும் சேர்ந்து குடிபோகும். ஆனால் ஆலையை விட்டே மாற்றினால் பழகியவர் கை போய்விடும். ஆலைக்குள் உள்ள நான்கு இடங்களுக்குள்ளேயே சுழற்றுங்கள், மாதம் ஒருமுறை, தேதி முன்கூட்டியே தெரியாமல்.

மாதக் கடைசியில் மானேஜருக்கு ஒரே ஒரு தாள் கொடுங்கள். எத்தனை லோரியில் ஆள் இறக்கப்பட்டார், எத்தனை சீல் பொருந்தவில்லை, டீசல் அளவு எத்தனை லிட்டர் வித்தியாசம், எந்த இடம் எத்தனை நிமிடம் காலியாக இருந்தது. கடைசி எண்ணை மறைக்காதீர்கள். அதை எழுதினால்தான் மற்ற மூன்றையும் நம்புவார்.

---

வேலியும்விளக்கும் எழுதியது:

தாமான்களில் நான் ரோஸ்டர்காரர் அண்ணாவோடு ஓரளவு மாறுபடுகிறேன். அங்கே ஆள் நிரப்பும் வேகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். அங்கே பிரச்சினை வசூல். 200 வீடு, வீட்டுக்கு 45 வெள்ளி என்றால் தாளில் 9,000. எல்லாரும் கொடுப்பதில்லை. மூன்றில் இரண்டு பங்கு வீடு கொடுத்தால் 6,000. அந்தச் சங்கத்தால் 9,400 கொடுக்கவே முடியாது, அதனால்தான் 7,200 காரரிடம் போகிறார்கள், அவருக்கும் நாலு மாதத்தில் பாக்கி வைப்பார்கள்.

எனவே 24 மணி நேரக் கூண்டை அங்கே விற்காதீர்கள். இரவு 7 முதல் காலை 7 வரை மட்டும் ஒருவர், நேரடிச் செலவு பாதி, 4,090. இரண்டு தாமான் பக்கம் பக்கமாக இருந்தால் மோட்டார் ரோந்து ஒருவரைப் பங்கு போடலாம். பகலுக்கு நுழைவு வழியில் கேமரா. சங்கத்தின் பட்ஜெட்டுக்குள் அடங்கும், உங்களுக்கும் நட்டமில்லை. நான்கு தாமானும் இப்படி மாறினால் ஐந்து ஆள் விடுபடுவார்கள், அதில் மூவரை அண்ணா சொன்ன மாற்று ஆட்களாக எடுத்துக்கொள்ளலாம்.

வேலி போட்ட தாமான் என்றாலும் ரோடு பொது ரோடுதான். தடுப்பும் கூண்டும் வைக்க நகராண்மைக் கழக அனுமதி வேண்டும். உங்கள் பக்கம் அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். வருகிறவரின் மைகார்டை (அடையாள அட்டையை) கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளக் காவலருக்கு அதிகாரம் கிடையாது. வண்டி எண்ணையும் போகும் வீட்டு எண்ணையும் குறித்தால் போதும். அந்தப் பதிவேட்டை அடுத்து வருபவர் படிக்கும்படி விரித்து வைக்காதீர்கள்.

ரோந்துக்கு என்எஃப்சி வில்லைகள் (போனை வைத்துத் தட்டினால் நேரம் பதிவாகும் சில்லுகள்) ஒட்டுவது பற்றி. ஒன்பது புள்ளி, ஒரு சுற்று 25 நிமிடம், இரவுக்கு ஐந்து சுற்று. சுற்று ஆரம்பிக்கும் நேரம் ஒவ்வொரு நாளும் மாற வேண்டும், ஒன்றரைக்கு, மூன்றுக்கு என்று கடிகாரம் மாதிரி போனால் திருடன் அதற்கேற்ப வருவான். இரும்புக் கதவில் சாதாரண வில்லை ஒட்டினால் போன் படிக்காது, உலோகத்துக்கென்று தனி வில்லை இருக்கிறது, அதை வாங்குங்கள். பசையை நம்பாமல் ரிவெட் அடியுங்கள். ஏனென்றால் வில்லைகளைப் பிடுங்கி வந்து கூண்டில் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே தட்டுவது பழைய வித்தை. அறிக்கையில் "ஒன்பதும் தட்டப்பட்டது" என்று பார்க்காதீர்கள், இரண்டு புள்ளிக்கு இடையே எத்தனை வினாடி என்று பாருங்கள். 150 மீட்டர் தூரத்தை எட்டு வினாடியில் யாரும் நடக்க முடியாது. செம்பனை மரத்தடியிலும் துத்தநாகக் கூரையின் கீழும் ஜிபிஎஸ் இடத்தைத் தள்ளிக் காட்டும், அதை மட்டும் வைத்து ஆளைத் திட்டாதீர்கள். சிக்னல் இல்லாத தோட்டப் பிரிவுகளில் போனிலேயே சேமித்துவைத்துப் பிறகு அனுப்பும் செயலியாக இருக்க வேண்டும்.

கேமரா ஆளுக்குப் பதிலா என்று கேட்டீர்கள். ஆளைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. நம் ஊரில் கேமராவைக் கெடுப்பவை மூன்று. கேமராவுக்குள்ளேயே இருக்கும் இரவு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலை காற்றில் ஆடினால் இரவு முழுக்க அலாரம் அடிக்கும். விளக்கைக் கேமராவில் இருந்து ஒரு மீட்டர் தள்ளித் தனியாக மாட்டுங்கள், வாரம் ஒருமுறை துடைப்பத்தால் வலையைத் தட்டுவதைக் காவலரின் கடமைத் தாளில் எழுதுங்கள். இரண்டாவது இடி. வாசலுக்கும் அலுவலகத்துக்கும் இடையே செம்புக் கம்பி இழுத்தால் ஒரே மின்னலில் இரண்டு பக்கமும் போய்விடும். அந்தத் தூரத்துக்கு ஃபைபர் இழுங்கள், மின்சார வயருக்குத் திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் கருவி, முறையான எர்த். மூன்றாவது கரண்ட் போவது. ரெக்கார்டருக்கும் மோடத்துக்கும் அரை மணி தாங்கும் பேட்டரி வையுங்கள். கரண்ட் போன நேரம்தான் உங்களுக்குப் படம் வேண்டிய நேரம்.

---

சம்பளக்கணக்கு மீண்டும் எழுதியது:

எட்டு மணி ஷிப்ட், நேப்பாளி இரண்டுக்கும் பதில் விட்டுப்போனது.

எட்டு மணி ஷிப்ட்டில் அரை மணி ஓவர்டைம் போட்டு, விடுப்பும் சேர்த்தால் ஓர் இடத்துக்கு ஏறத்தாழ 8,030 வருகிறது. மிச்சம் மாதம் 150 வெள்ளிதான். ஆனால் 2.53 ஆளுக்குப் பதில் 3.79 ஆள் வேண்டும், 15 இடத்துக்கு 57 பேர். ஒருவர் கைக்கு வருவது 3,060இல் இருந்து 1,900க்குள் இறங்கும். ஒரு வாரத்தில் பாதிப் பேர் தொழிற்சாலைக்குப் போய்விடுவார்கள். ஆலை நிறுவைத் தளம் போல விழிப்பு தேவைப்படும் ஒன்றிரண்டு இடத்துக்கு மட்டும் எட்டு மணி வைத்து, அந்த ஆட்களின் அடிப்படைச் சம்பளத்தை உயர்த்தினால் நியாயம். மொத்தமாக மாறாதீர்கள்.

வெளிநாட்டவரில் காவலர் வேலைக்கு நேப்பாளத்து முன்னாள் படைவீரர்களைத்தான் எடுக்கலாம். வெளிநாட்டுத் தொழிலாளருக்கு அரசு வாங்கும் லெவி ஆண்டுக்கு 1,850, அதை முதலாளிதான் கட்ட வேண்டும். இருப்பிடத்துக்குத் தொழிலாளர் இலாகா சான்றிதழ், விமான டிக்கெட், மருத்துவப் பரிசோதனை. 2025 அக்டோபர் முதல் இபிஎஃப் இரண்டு விழுக்காடு. சம்பளத்தில் மிச்சமில்லை, ஒப்பந்தக் காலம் முடியும்வரை ஆள் நிற்பார் என்பதுதான் இலாபம். ஆலை ஒப்பந்தம் ஓர் ஆண்டு, பெர்மிட் செலவு அதற்கு மேல் இழுக்கும் என்றால் ஒப்பந்தம் போகும்போது அவர்களை எங்கே நிறுத்துவீர்கள்? மூன்றாண்டு ஒப்பந்தம் கையில் இருந்தால் யோசியுங்கள்.

இன்னொன்று. சம்பளம் மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் போக வேண்டும், வாடிக்கையாளர் அறுபது நாளில் கொடுப்பார். உங்கள் அளவுக்கு இரண்டு மாதச் சம்பளம், 2,45,000 வெள்ளி போல, கையில் சுழல வேண்டும். இதனால்தான் பல கம்பெனிகள் வேலை கிடைத்த பிறகு விழுகின்றன. முப்பது நாளில் கட்டும் வாடிக்கையாளருக்கு ஒரு விழுக்காடு தள்ளுபடி கொடுப்பது வங்கியில் ஓவர்டிராஃப்ட் எடுப்பதை விட நல்லது. சேவை வரி எட்டு விழுக்காடு காசு கைக்கு வந்த பிறகு கட்டினால் போதும், ஆனால் பில் போட்டு பன்னிரண்டு மாதம் ஆகியும் வராவிட்டால் நீங்களே கட்ட வேண்டும். தாமான் பாக்கிகளை அதற்குள் முடித்துவிடுங்கள்.

---

சிப்புட்காவல் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. 37.95 என்ற எண்ணைப் பார்த்ததும்தான் ஆலையில் ஏன் ஓட்டை விழுகிறது என்று புரிந்தது. ஒரே ஒரு கேள்வி. மூன்று மாதம்தான் இருக்கிறது. எதை முதலில் செய்வது?

---

ரோஸ்டர்காரர் எழுதியது:

ஆலையில் தொடங்குங்கள். இந்த வாரமே நல்ல ஆள் மூவரை எடுத்து ஆலையின் நான்கு இடத்திலும் இரண்டிரண்டு ஷிப்ட் பழக்குங்கள், எட்டு ஷிப்ட், இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். அவர்கள் விட்ட இடத்துக்குப் புதியவர் மூவரை எடுங்கள். போலீஸ் சரிபார்ப்பும் பயிற்சிச் சான்றிதழும் வர நாள் ஆகும், அதனால் விண்ணப்பத்தை நாளைக்கே போட்டுவிடுங்கள். அதுவரை புதியவர்களைக் காவலுக்கு நிறுத்த வேண்டாம், அவசரம் என்றாலும் வேண்டாம். அந்த இடைவெளியைத் தாமான் பகல் ஷிப்ட்டைக் குறைத்து சமாளிக்கலாம், தம்பி வேலியும்விளக்கும் சொன்னபடி சங்கங்களோடு இரவு மட்டும் என்று பேசுங்கள். ஒரு தாமான் ஒத்துக்கொண்டாலே ஓர் ஆளுக்கு மேல் கிடைக்கும்.

இரண்டாவது மாதம் முதல் தேதியில் இருந்து 6.45 படம், 6.55க்கு ஆள் கிளம்புவது. ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு எந்த இடம் நிரம்பியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அறுபது நாள் எழுதிய அந்த நோட்டை ஒப்பந்தம் பேசப் போகும்போது மேசைமேல் வையுங்கள்.

ஆலைவாசல் ஐயா சொன்ன சீல் எண் நகலுக்கு ஆலையின் சம்மதம் வேண்டும், அச்சடிக்கும் சீட்டை அவர்கள்தான் மாற்ற வேண்டும். அதை மானேஜரிடம் நாளைக்கே கேளுங்கள், முதல் மாத அறிக்கைக்குள் வந்துவிடும். ஏணியை மறக்காதீர்கள்.